தென்பக்கம், ஏழு துளை

ஊர்காவற்றுறையில் விடியும்போதே வெயில் உப்பாயிருக்கிறது.
கடற்கோட்டை நீரில் முழங்கால் மடித்துக் கிடக்கிறது.
இறங்குதுறையை நீட்டுகிறார்கள்:
நாற்பது உருக்குத் தூண்,
இன்று பதினேழாவது.

என் வேலை கேட்பது.
வயரில் கட்டிய ஒலிவாங்கியைக் கடலுக்குள் இறக்கிவிட்டு
காதை மூடிக்கொண்டு மிதவையில் குந்தியிருப்பேன்.
சம்மட்டி விழாத நேரங்களில்
கீழே யாரோ ஓயாமல் கடுகு தாளிப்பார்கள்.
இறால்கள்.
இவ்வளவு சத்தமான வீடென்று
மேலே நின்று பார்த்தால் தெரியாது.

சம்மட்டி விழுந்தால் வேறு.
மீனின் வயிற்றுக்குள் ஒரு காற்றுப்பை இருக்கிறது,
சூடைக்கு என் பெருவிரல் நகமளவு.
இரும்பின் அதிர்வு அதைத்தான் தேடிப் போகும்.
வெளியே காயம் தெரியாது.
நீந்திக்கொண்டே போய்
நாளைக்குச் சாகும்.

அதனால் தூணைச் சுற்றி ஒரு வளையக் குழாய்,
துளை துளையாய்.
கொம்பிரசர் காற்றைத் தள்ள
அடியிலிருந்து குமிழிகள் சுவராக எழும்.
"கூழ் கொதிக்குது, மீனைத்தான் இன்னும் போடேல்லை"
என்பான் கிரேன் ஓட்டும் கிளமென்ற்.
ஒவ்வொரு நாளும் அதே பகிடி.
ஒவ்வொரு நாளும் சிரிக்கிறேன்.
மீன் போடாத கூழுக்கு இவ்வளவு டீசல்!

முதல் பத்து அடி மெல்ல. அது விதி.
கதவைத் தட்டுகிற மாதிரி:
போ ஒட்டி, போ ஓரா,
குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு சாதாளைப் பக்கம் போ.
அரை மணித்தியாலம் பொறுத்துத்தான் முழு அடி.
வெல்டிங் வேலைசெய்யும் இராசநேசன் ஒருநாள் கேட்டார்:
"எங்களுக்கு ஆர் தங்கச்சி முதல்ல மெல்லத் தட்டினவை?"
நான் அமுக்கமானியைப் பார்த்தேன்.
முள் நிற்கவேண்டிய இடத்தில்தான் நின்றது.

இன்று பத்தரைக்கு
காதுக்குள் அடி திடீரெனத் தடித்தது.
சிவப்புக் கொடியைத் தூக்கினேன்.
சுப்பவைசர் வந்தார்,
கிரேனுக்கு மணிக்கு என்ன வாடகை என்று சொன்னார்,
இரண்டு தரம்.
மாத்தறைப் பொறியியலாளர் மட்டும்
குனிந்து நீரைப் பார்த்து
"மாளு இன்னவாத?" என்றார்.
இருக்கு, என்றேன், தமிழில்.
அதற்குள் அவையே பதில் சொல்ல வந்திருந்தன,
வெள்ளி வயிறு காட்டிக்கொண்டு.

சுழியோடி ஒரு கம்பித் துண்டோடு இறங்கினான்.
குழாயின் தென்பக்கம்
ஏழு துளைகளில் சேறு அடைத்திருந்தது.
சுவரில் ஒரு கதவளவு வெளி.

மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலில் ஒட்டிக் குழம்பு.
சாப்பிட்டேன். நல்ல உறைப்பு.
முள்ளை விலக்கிய கை
தன்பாட்டில் எண்ணிக்கொண்டிருந்தது.

பின்னேரம் படிவம்.
சூடை: பதினொன்று.
'காரணம்' என்கிற கட்டம் சின்னது.
"தெரியவில்லை எண்டு எழுத இடம் காணும்தானே"
என்றார் சுப்பவைசர்.
தென்பக்கம், ஏழு துளை, சேறு,
காலையில் நான் குழாயைச் சோதிக்கவில்லை என்று
கோட்டைத் தாண்டி
ஓரம் முடியுமட்டும் எழுதினேன்.