எட்டாவது நிமிடம்

ஆரல்வாய்மொழியில் ஆடிக் காற்று
லாரித் தார்ப்பாய்களைக் கிழிக்கும் இரவு.
எங்கள் ஷெட்டில் மட்டும்
காற்றே வேண்டாமென்று ஒரு பம்ப்
பதினொரு மணி நேரமாய் உறுமுகிறது.

கார் விளக்குக் கிண்ணங்களுக்கு
அலுமினியம் பூசும் தொட்டி.
அழுத்தம் ஓரிடம்வரை இறங்கி
அதற்குமேல் இறங்க மறுத்தது.
"வளையத்த நகத்தால கீறியிருப்பான், சவம்"
என்றார் முதலாளி மரியஜெயம்.
ஷிபுவுக்கு ஒரு நாள் கூலி வெட்டு.
கடைசி பஸ்ஸில் அருமனைக்குப் போய்விட்டான்.

அவன் வளையம் போடுவதைப் பார்த்திருக்கிறேன்:
விரல் நுனியில் துளி கிரீஸ்,
மூச்சைப் பிடித்துக்கொண்டு,
கைக்குழந்தைக்குக் கம்மல் மாட்டுவதுபோல.

கொச்சியிலிருந்து வாடகைக்கு வந்த லீக் டிடெக்டர்
காலையில் திரும்பப் போக வேண்டும்.
கதவைச் சுற்றிப் பாலித்தீன் ஒட்டி
உள்ளே ஹீலியம் விட்டேன்.
கடிகாரம் பார்த்தேன்.

கீறல் என்றால் உடனே சொல்லிவிடும்.
மூன்று எண்ணுவதற்குள் முள் துள்ளும்,
வாயுவை நிறுத்தினால் விழும்.
ஓட்டைக்கு ஒளிக்கத் தெரியாது.

ஒரு நிமிடம். ஒன்றுமில்லை.
நான்கு. கொசு.
ஆறில் டீ ஆடை கட்டியிருந்தது.
எட்டாவது நிமிடம்
முள் அசைந்தது,
பேச்சிப்பாறை ஏற்றத்தில் அரசு பஸ் போல.
சிலிண்டரை மூடினேன், பாலித்தீனைக் கிழித்தேன்.
அது பாட்டுக்கு ஏறிக்கொண்டே இருந்தது.

புகுந்ததல்ல, ஊறியது.
ரப்பருக்கு வெளிமுகத்தில் கரைந்து,
நீண்ட சங்கிலிகள் புரண்டு படுக்கையில்
கிடைக்கிற இடைவெளியில் ஓர் எட்டு,
சிலசமயம் பின்னாலும் ஓர் எட்டு,
எப்படியோ உள்முகத்தில் எழுந்து
வெற்றிடத்தில் விழுகிறது.
ஹீலியம் ஒல்லி, முந்தும்.
கரியமில வாயு தடியன்,
ஆனாலும் நைட்ரஜனுக்கு முன்னால் வந்துவிடுவான்;
ரப்பரோடு அவனுக்கு ஒட்டுறவு அதிகம்.
ஈரத்தைப் பற்றி
இந்த மாவட்டத்தில் நான் சொல்லவேண்டாம்.
போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும்
இதில் அதற்குப் பேச்சில்லை.

நாலரைக்குப் போனை எடுத்தான்.
நெற்றியில் டார்ச்சோடு
யாரோ ஒருவர் தோட்டத்தில் பால்வெட்டு,
போன கூலிக்கு ஈடாக.
மழைக்குடை கட்டிய மரங்களில்
தண்ணீர் சொட்டுவது இங்கே கேட்டது.

"கீறல் இல்ல ஷிபு.
வளையம் முழுசாத்தான் இருக்கு.
முழுசா இருந்தும் விடுது."

கத்தி பட்டையில் இழுபட்டது.
"அப்ப ரப்பரும் தப்பு செய்யல்ல,
நானும் செய்யல்ல?"

"ஆமா.
ரெண்டு வளையம் போட்டு
நடுவுல இன்னொரு பம்ப் வைக்கணும்."

"அவரு வைப்பாரா?"

நான் கோட்டுத்தாளைப் படமெடுத்து அனுப்பினேன்:
எட்டு நிமிடம் தரையோடு படுத்துக் கிடந்து
பிறகு மெல்ல எழும் கோடு.
அடுத்த மரத்துக்குப் போய்தான் பார்த்தான்.

"கோடு கொள்ளாம் அக்கா," என்றான்.
"கூலி?"