தொண்ணூறில் ஒரு சத்தம்

எங்கள் நிவா சேற்றுக்கென்று பிறந்த வண்டி.
நாணலுக்குள் விழுந்துகிடக்கும் சினைப்பசுவரை
என்னையும் மருந்துப் பெட்டியையும் கொண்டு சேர்த்துவிடும்.
தார் ரோட்டில் ஏற்றினால் மட்டும்
தகர டப்பாவில் ஆணி போட்டு உலுக்கின மாதிரி.
எழுபதைத் தாண்டினால்
பக்கத்தில் இருப்பவரோடு சைகைதான்.

மகள் ஓரலில் வேலைக்குச் சேர்ந்து வருஷமாகிறது.
பால்காஷிலிருந்து இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்.
ரயிலில் போகலாமே என்று குவாந்திக் சொல்லவில்லை.
அவர் எதையும் சொல்வதில்லை.
மார்ச் கடைசியில், கூரைப் பனி சொட்டும் ஷெட்டில்,
அட்டை விரித்து வண்டிக்கடியில் நான் படுத்தேன்.

சேற்று டயர் நாலையும் கழற்றிச் சாலை டயர் போட்டாயிற்று.
ஸ்டெப்னியைத் தொடவில்லை.
அது பானட்டுக்குள் இன்ஜினை ஒட்டி
அடுப்படிப் பூனையாய்ப் படுத்திருக்கிறது.

பிறகு டிரான்ஸ்பர் கேஸ்.
ஒரு மில்லிமீட்டர் கோணினாலும்
உட்கார்ந்தவரின் கடைவாய்ப் பல்வரை அதிரவைக்கும் பெட்டி.
வண்டியை நாலு முட்டில் நிறுத்து,
நட்டுகளைத் தளர்த்து,
நாலாவது கியரில் ஓடவிடு.
சக்கரங்கள் காற்றில் சுற்றச் சுற்ற
அதுவே நகர்ந்து தன் இடத்துக்கு வரும்,
வந்த பிறகு முடுக்கு என்றார்
சந்தையில் உதிரிபாகம் விற்கும் ஷ்மால்ட்ஸ்.
மூன்று தரம் அவசரப்பட்டு முடுக்கினேன்.
நாலாவது தரம்
டாஷ்போர்டில் வைத்த தேநீர்க் கிண்ணத்தில் அலை நின்றது.
குறைந்தது என்று சொல்வதுதான் நேர்மை.

தரையில், கதவுகளில், சக்கர வளைவுகளில்
சூடுகாட்டி ஒட்டிய தார்த் தகடு.
அதற்கு மேல் அழுத்திய ஆட்டு ரோமம்,
நாத்தனார் வீட்டு யூர்ட்டுக்குப் போக மிஞ்சியது.
வெயில் பட்டால் வண்டிக்குள் ஒரு மந்தை மூச்சுவிடும்.
டாங்க் நாற்பத்திரண்டு லிட்டர்தான்;
பின்னால் இருபது லிட்டர் கேன், பெல்ட், ரேடியேட்டர் குழாய்,
குவாந்திக்கின் முழங்கால் தைலம்.

ஏப்ரல். கரகண்டாவுக்கு அப்பால்,
இரண்டு பக்கமும் பாதி கரைந்த புல்வெளி.
தொண்ணூறு.
வண்டி இப்படி ஓடி நான் கேட்டதில்லை.
அப்போதுதான் அந்தச் சத்தம்.
மெல்லிய முனகல்,
பேரிங் போவதற்கு முன்னால் வருமே, அது.

பேசாத பிராணிக்கு நோய் கண்டுபிடித்துத்தான்
இருபது வருஷமாய்ச் சம்பளம் வாங்குகிறேன்.
கிளட்சை மிதித்தேன்: முனகல்.
நியூட்ரலில் உருட்டினேன்: முனகல்.
அறுபதுக்கு இறக்கினேன், சுருதி மாறவில்லை.
ஓரங்கட்டினேன். நின்றுவிட்டது.
நாலு ஹப்பிலும் கைவைத்துப் பார்த்தேன்,
ஒன்றும் சுடவில்லை.
குவாந்திக்கும் இறங்கிவந்து
அவித்த முட்டை ஒன்றை உரித்து நீட்டினார்.

மறுபடி தொண்ணூறு. மறுபடி அது.
நீண்ட வளைவு ஒன்றில்
அந்தச் சத்தம் மூச்சு வாங்கியது.

பேரிங் மூச்சு வாங்காது.

தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டினேன்.
மூடிய வாய். தொண்டையில் ஏதோ ஏறி இறங்குகிறது.
கல்யாண வீட்டில் பாடச் சொன்னால்
குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போகிறவர்.
இந்த வண்டி வாங்கிய பதினோரு வருஷமாய்
அந்தத் தகர இரைச்சலுக்குள் உட்கார்ந்து
பாடிக்கொண்டு வந்திருக்கிறார்.
நான் போய் அந்த இரைச்சலை
ரோமம் வைத்து அடைத்திருக்கிறேன்.

இன்னும் கொஞ்சத்தில் அவர் காதிலும் விழும்.
விழுந்தால் அவ்வளவுதான்.

என் பக்கத்துச் சன்னலை
இரண்டு விரல் அளவு இறக்கினேன்.
காற்று ஊளையிட்டுக்கொண்டு நுழைந்தது.
"குளிருது" என்றார்.
"ரோம வாடை" என்றேன்.
அவர் காலர் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

ஏழெட்டு மின்கம்பம் கடந்திருக்கும்.
பேரிங் திரும்பவும் முனகத் தொடங்கியது.