நாலாம் தூக்கம்

பனகல் பூங்கா எதிரில்
மூன்றாம் மாடி, முகூர்த்தப் பட்டு.
காலையிலிருந்து நாற்பத்தோரு புடவை விரித்தாகிவிட்டது.
அந்த அம்மாவுக்கு மாம்பழ மஞ்சளில்
அரக்கு பார்டர் வேண்டும்.
அரக்கு என்றால் இந்த அரக்கு இல்லை.

சட்டைப்பையில் போன் துடித்தது. மாதம்மா.
இந்நேரத்தில் கூப்பிட்டால்
ஒன்று மோட்டார் எரிந்திருக்கும்
இல்லை புழு எழுந்திருக்கும்.

மாடிப்படியில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே
நின்று எடுத்தேன்.
"நாலாம் தூக்கம் முடிஞ்சிருச்சு, கேளு"
என்று போனைத் தழைமேல் வைத்துவிட்டாள்.

டீ கொண்டுவந்த காதர் மொய்தீன்
காதைக் கொடுத்துவிட்டு
"ஊர்ல மழையாண்ணே?" என்றான்.
"இல்லப்பா. பந்தி."

இருநூறு முட்டைத்தொகுதி.
இனி ஏழெட்டு நாள் விடாமல் தின்னும்.
பக்கத்துக் காட்டில் மருந்தடித்தால்
காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும்,
ஊசி ஈ நுழையாமல் வலையைத் தைக்க வேண்டும்.
போன ஐப்பசியில் பாதிப் புழு
சுண்ணாம்புக் குச்சியாய் விறைத்துப்போக
அந்த மாதம் என் சம்பளம்தான் அரிசி.
அதற்கு முந்தைய மூன்று அறுவடையும்
என் சம்பளத்தைப் பார்த்துச் சிரித்தவை.

"கேக்குதா? தழை வெட்ட ஆளில்ல.
ஐந்நூறு கேட்டு, மத்தியானத்தோட போயிர்றாங்க.
உன் மொதலாளி தர்றத நான் தர்றேன்,
பஸ் ஏறு."
பிறகு, சிரிக்காமல்:
"சென்ட் அடிச்சிட்டு வந்துராத."

கடை திறக்கும்போதே வரிசையில் நிறுத்தி
கழுத்தில் ஜவ்வாது தெளிப்பார்கள் எங்களுக்கு.
தீபாவளி முடிந்து ஊர் போனபோது
கொட்டகை வாசலிலேயே மறித்தாள்.
பிளீச்சிங் தண்ணீரில் கால்.
இரண்டு குளியல்.
புழுவுக்கு வாசம் ஆகாதாம்.
ஆறு மாதம் கழித்து வந்தவனுக்கு
அன்று கொஞ்சம் கோபம்தான்.

திரும்பி வந்தால் அந்த அம்மா
முந்தானை ஓரத்து நூலை விரலில் சுற்றிக்கொண்டு
"இது அசல்தானே?"
நாலு கிலோ கூடு, என் பெண்டாட்டியின் கண்விழிப்பு,
எல்லாம் நாக்கு நுனிவரை வந்தது.
"அசல்தான் மேடம்" என்றேன்.
அவர் பச்சை கேட்டார்.

சாயங்காலம் லீவு தாளில்
காரணம் என்ற இடத்தில்
'வீட்டில் விசேஷம்' என்று எழுதினேன்.
"எத்தன நாளு?" என்றார் மேனேஜர்.
"கூடு கட்டற வரைக்கும் சார்."
"வீடா? எந்த ஏரியா?"
சதுர அடி விலையெல்லாம் சொல்லத் தொடங்கினார்.
நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

கோயம்பேட்டில் தர்மபுரி வண்டி ஒன்பதரைக்கு.
குழாயடியில் கழுத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.
மோந்து பார்த்த காதர் மொய்தீன்
உதட்டைப் பிதுக்கினான்.
இன்னொரு தடவை சோப்புப் போட்டேன்.