மதாம் சோலையப்பன்

சேந்தாந்த்ரேயில் ஏழேகால் மஞ்சள் பேருந்து.
இடப்பக்கம் கரும்பு, வலப்பக்கம் கடல்,
மடியில் பிளாஸ்டிக் உறை:
பாஸ்போர்ட், அவருடைய வேலை ஒப்பந்தம்,
மூன்று மாத வாடகை ரசீது,
வதிவிட அட்டை இன்னும் தயாராகவில்லை என்பதற்கு ஒரு சீட்டு.
அந்தச் சீட்டுக்கு இன்னும் பத்தொன்பது நாள் ஆயுள்.

சேன்-தெனி அலுவலகத்தில்
பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.
"மதாம் சோலையப்பன்!"
ஒவ்வொரு முறையும் முதலில் எழுவது அப்பாதான்.
திருத்துறைப்பூண்டி உரக்கடையில்
கணக்கு நோட்டை மூடிவிட்டு,
செருப்பைக் காலால் துழாவிக்கொண்டு.

நான் வசுமதி. சோ. வசுமதி.
பள்ளிக்கூடத்தில் ஓர் எழுத்தாய்
முன்னால் நின்றவர்,
விமானம் ஏறியதும் முழு ஆளாய் நீண்டு
பின்னால் வந்து உட்கார்ந்துகொண்டார்.

எங்கள் பக்கம்
மூன்று மாதம் வரை மூச்சு விடக் கூடாது,
கண் படும்.
இங்கே மூன்று மாதத்துக்குள்
அரசாங்கத்திடம் சொல்லியாக வேண்டும்,
சொல்லாவிட்டால் காசு இல்லை.
அம்மாவுக்குத் தெரியும் முன்பே
மருத்துவச்சி ஓவாரோ கணினியில் தட்டினாள்.
அந்த நொடியில் சோலையப்பன் சூல் கொண்டார்.

பிறகு எல்லாத் தாளிலும் அவர்தான்.
சோலையப்பனுக்கு இரும்புச்சத்து குறைவு.
சோலையப்பன் வெறும் வயிற்றில் வந்து
சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வேண்டும்.
சோலையப்பன் வயிற்றில்
தலை இன்னும் கீழே திரும்பவில்லை.
என் தம்பிக்கு ஒருநாள்கூட
கால் கழுவிவிட்டு அறியாத மனுஷர்.

கண்ணாடிக்கு அந்தப்புறம் இருந்தவள்
சட்டையில் பெயர்ப் பட்டை.
பிரெஞ்சு எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தேன்.
"முத்துசாமி," என்றேன், ஏதோ கண்டுபிடித்தவள்போல.
அவள் நிமிர்ந்து பார்த்து,
"மூ-தூ-சா-மி" என்று திருத்தினாள்.
அவள் பெயர். அவள் திருத்தலாம்.
எந்தக் கப்பலில் எந்தக் குமாஸ்தா
காதில் விழுந்தபடி எழுதிய முத்துசாமியோ,
இத்தனை தலைமுறையாய் அவரும்
மதாம் ஆகி மதாம் ஆகி
இதோ சிவப்பு நகப்பூச்சோடு
என் தாள்களைப் புரட்டுகிறார்.

கல்யாணச் சான்றிதழில் விரல் நின்றது.
தமிழில் இருந்தால் செல்லாது.
சத்தியப் பிரமாணம் எடுத்த மொழிபெயர்ப்பாளர் வேண்டும்,
பக்கத்துக்கு நாற்பது யூரோ.
போன மாதம் தீமிதியில்
இதே போல் ஒரு முகம் தமிழில் பாடிக்கொண்டு
என்னைக் கடந்து போனது.
பொருள் தெரியுமா என்று யாரும் சத்தியம் கேட்கவில்லை.

அப்புறம் புயல். ஆரஞ்சு எச்சரிக்கை.
அலுவலகம் இரண்டு நாள் மூடல்.
கோபுரத்துச் சாரத்திலிருந்து அவர் இறங்கி வந்தார்,
கைமுட்டி வரை பச்சை வண்ணம்.
பாதி பூசிய அம்மனுக்குத் தார்ப்பாய் கட்டியாயிற்றாம்,
ஒரு கண்தான் திறந்திருக்கிறதாம்.
மெழுகுவத்தி வெளிச்சத்தில்
குழந்தைக் காப்பகப் படிவம் நிரப்பினோம்.
பிறந்த தேதி என்ற கட்டத்தைக் காலியாக விட்டோம்.
இன்னும் பிறக்காதவளுக்கு
வரிசையில் அறுபத்தொன்றாம் இடம் கிடைத்தது.

கடிதம் வந்தது வியாழக்கிழமை.
"மதாம் சோலையப்பன்,
உங்கள் உரிமைகள் ஆராயப்பட்டன."
உதவி என்று இல்லை. சலுகை என்று இல்லை.
நம்பாமல் அகராதியைப் பார்த்தேன்.
உரிமைதான். அதுவும் பன்மையில்.
இரண்டாம் பக்கத்தில்
இன்னும் ஒரு தாள் கேட்டிருந்தார்கள், அது கிடக்கட்டும்.

இரவு அப்பாவுக்குப் போன் போட்டேன்.
"உங்க பேருக்குப் பணம் வரப்போவுதுப்பா."
"எனக்கா? எதுக்கு?"
"நீங்க உண்டாயிருக்கீங்கன்னு."

மறுமுனையில் மின்விசிறி மட்டும் சுற்றியது.
பேனா மூடியைத் திருகும் சத்தம்.
பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு,
கடையில் பாக்கி கேட்கும் அதே குரலில்,
"எத்தனாம் மாசம்?" என்றார்.