ஏணியைக் கெனடி பிடித்திருக்கிறான்

வேட்புமனு நேரம் முடிய
இருபது நிமிடம் இருக்கையில்
கச்சேரி வாசலில் வந்திறங்கினார்
தவநேசன் ஐயா.
குடத்தில் உள்ளே போனவர்
விசிறியில் வெளியே வந்தார்.
நடுவில் என்ன நடந்ததென்று
வாசலில் கச்சான் விற்றவனுக்குக்கூடத் தெரியாது.

பின்னேரமே போன் அடித்தது.
"தம்பி, மாறினது கட்சிதான். நான் மாறேல்லை."
உண்மைதான்.
மூவாயிரம் சுவரொட்டியிலும் அதே சிரிப்பு,
அதே சந்தனப் பொட்டு,
இடது காதோரம்
அச்சகத்தான் கறுப்பாக்க மறந்துபோன
அதே நரை.
"அடியில குடத்தை மட்டும் வெட்டி எடுங்கோ.
விசிறி தனியா அடிச்சு வருது.
தாள் விக்கிற விலைக்கு
வீணாக்கக் கூடாது, என்ன?"

வெட்டினேன்.
விறாந்தை முழுக்க மூவாயிரம் குடம்.
மகள் நல்லதாகப் பொறுக்கியெடுத்து
பின்பக்கத்தில் வகுத்தல் கணக்குச் செய்தாள்.
கோதுமை மாவைக் காய்ச்சிக்கொண்டிருந்த மனைவி
ஒன்றும் கேட்கவில்லை.
கேட்காமல் இருப்பதற்கும்
அவளிடம் ஒரு சத்தம் உண்டு,
அகப்பை சட்டி விளிம்பில் படுகிற சத்தம்.

இரவு பதினொன்றரைக்கு உட்துறைமுக வீதி.
ஒட்டி முடித்துத் திரும்புவதற்குள்
டச்சுக் குடாப் பக்கமிருந்து வந்துவிட்டன மான்கள்.
இந்த ஊர் மானுக்குக் கொள்கை, பசை.
ஈரத்தோடு நக்கும்,
பிறகு தாளையும் தின்னும்.
போன தேர்தலில் குடத்தைத் தின்ற
ஒற்றைக் கொம்பன்
இந்த முறை விசிறியைத் தின்கிறது.
அதை யாரும் மேடையேறித்
துரோகி என்று சொல்லப்போவதில்லை.

அந்தச் சொல்லை எனக்குப் பழக்கினவரே ஐயாதான்.
சல்லிக் கூட்டத்தில்,
விசிறிக்குத் தாவிய நாகமணி மாஸ்டரை
அவர் அப்படிக் கூப்பிட்டபோது
முதல் விசில் என்னுடையது.
மாஸ்டர் இப்போது
குடத்தின் முதன்மை வேட்பாளர்.
விசிலைத் திருப்பி வாங்க வழியில்லை.

மணிக்கூட்டுக் கோபுரத்தடியில்
ஆட்டோவை நிறுத்துகிறான்
பாலையூற்றுக் கெனடி.
நாலு வருடத்துக்கு முன்
இதே மதில், இதே சாமம்.
நான் ஏணியில் நின்றேன், குடத்தோடு.
விசிறிக்காரர் வந்தார்கள்.
ஏணியை இழுத்தவன் கெனடி.

காறையெலும்பு இரண்டாய்ப் போனது.
ஆசுபத்திரிக்கு அப்பிள் பையோடும்
படம் பிடிக்கிற பையனோடும் வந்தார் ஐயா.
அந்தப் படமும் சுவரொட்டியானது:
"இரத்தம் சிந்திய தொண்டன்."
அதை ஒட்டியவர்கள் வேறு ஆட்கள்,
என் கை அப்போது தொட்டிலில்.
வாடை தொடங்கினால் இன்னும் குத்தும்.
எலும்புக்கு ஒருவரும் போன் எடுத்துச் சொல்லவில்லை,
நாங்கள் மாறிவிட்டோமென்று.

நானும் பெரிய நேர்மை பேச முடியாது.
ஒரு இரவுக்கு நாலாயிரம்.
வேண்டாமென்று சொல்ல வாய் திறந்து
முற்பணம் கேட்டேன்.

கெனடியும் அதற்காக
இரண்டு மாதம் மறியலில் கிடந்தவன்.
பிணைக்கு விசிறியிலிருந்து
ஒரு காகமும் வரவில்லை என்று
வரும் வழியில் சொன்னான்.
நான் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒரே வாளி. இரண்டு தூரிகை.

"அண்ணை, அண்டைக்கு நான்..."
என்று தொடங்கியவன்
முடிக்கவில்லை.
"ஏறுங்கோ, பிடிக்கிறன்."

ஆறாம் படியில் நிற்கிறேன்.
கீழே பார்க்கவில்லை.
ஐயாவின் நெற்றியிலிருந்து தொடங்கி
மூக்கு, வாய், தாடை என்று
குமிழி வராமல் தடவி இறக்குகிறேன்.
கழுத்துக்குக் கீழே விசிறி
கொஞ்சம் கோணலாய்த்தான் நிற்கிறது.

ஏணி ஒருமுறை அசைகிறது.

மானாக இருக்கும்.