வளையம் நீலம்

முதல் மூலையை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை.
சீட்டுக் குலுக்கியதுபோல் வரைபடத்தில் விழுந்த புள்ளி.
இவிண்டோ ஆற்றிலிருந்து நாலு மணி நேர நடை,
கடைசி அரை மணி முழங்கால் சேறு.
அழகான இடமும் இல்லை.
அழகைத் தேடிப் போய் அளந்தால்
காடு பொய்தான் சொல்லும் என்பார் எஸ்ஸாங்கி,
பட்டையைக் கீறி முகர்ந்தே பெயர் சொல்கிறவர்.

இபாக்கா திசைகாட்டியோடு முன்னே போனான்.
வடக்கே நூறு மீட்டர், கிழக்கே நூறு மீட்டர்.
நூல் பிடித்தாற்போல் என்று எழுதிவிடலாம்;
நூல் மூன்று முறை கொடியில் சிக்கியது,
ஒரு கறையான் புற்றின்மேல் ஏறி இறங்கியது.
மூலைக்கொரு வெள்ளைக் குழாய் நட்டோம்,
யானை பிடுங்கும் என்று தெரிந்தே.

பிறகு மரங்கள்.
தரையிலிருந்து ஒரு மீட்டர் முப்பது:
இபாக்காவுக்கு மார்பு, எனக்குத் தோள்.
அங்கே நாடாவைச் சுற்றி அவன் எண்ணைக் கத்துவான்,
மழைக்கு ஊறாத தாளில் நான் பென்சிலால் எழுதுவேன்.
அளந்த இடத்தில் சிவப்பு வளையம்.
முப்பது சென்டிமீட்டர் மேலே ஆணி, ஆணியில் தகடு.
விட்டம் பத்து சென்டிமீட்டர் என்றால் மரம்.
ஒன்பதே முக்கால் என்றால் இல்லை.
அதன் நிழல் என் தாளின்மேல் ஆடிக்கொண்டிருக்கும்;
ஆனாலும் இல்லை.

நான்காம் நாள் காலை
நாற்பத்தொரு மரங்களிலும் வளையத்தைக் காணோம்.
வேர்களின் மேல் சிவப்புத் தூள்.
தகடுகள் அப்படியே தொங்கின.
நிறத்தோடு மட்டும்தான் யாருக்கோ வழக்கு.

மந்தோலா ஒளிந்துகொள்ளவில்லை.
முப்பத்தெட்டாம் எண்ணின் பலகை வேரில் உட்கார்ந்து
வெட்டுக்கத்தியின் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.
“முன்பும் வந்தார்கள்.
அளந்தார்கள், எழுதினார்கள், சிவப்புப் பூசினார்கள்.
மூன்றாம் வாரம் லாரி வந்தது.
என் மொவாபி அதில்தான் போனது.
அதன் எண்ணெயை விற்று
மூன்று பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டினவள் நான்.”

வெட்ட அல்ல, வளர்வதைப் பார்க்க என்றார் எஸ்ஸாங்கி.
ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வருவோம்.
“எவ்வளவு வளரும்?”
சிலது ஒரு விரல் பருமன். சிலது ஒன்றுமே இல்லை.
“அதற்கா இத்தனை பேர்?”
இபாக்கா இருமினான்.
“சரி, எதுவரைக்கும்?”

கையேட்டைப் புரட்டினேன்.
தொடங்குவது எப்படி என்று இருபத்திரண்டு பக்கம்.
முடிப்பதைப் பற்றி ஒரு வரி இல்லை.
“கடன் மாதிரி” என்றாள் மந்தோலா, முதன்முறையாகச் சிரித்து.

எங்களிடம் இருந்தது இரண்டு டப்பா, இரண்டும் சிவப்பு.
மகொகூ போய்வர மூன்று நாள்.
அவள்தான் ஊருக்குப் போய்
பள்ளிக் கதவுக்கு வாங்கிய நீலத்தைத் தூக்கிவந்தாள்.
ஆணியிலிருந்து கீழே முப்பது அளந்து
போன இடத்தையே திரும்பக் கண்டுபிடித்தோம்.
நாடாவின் மறுமுனையை அவள் பிடித்தாள்,
இறுக்கமாக, துணிக்கடைக்காரனை நம்பாதவள்போல.

ஒன்பதாம் இரவு பதினேழாம் எண் விழுந்தது.
காற்றில்லை, மழையில்லை.
கூடாரத்துக்குள் நாங்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டோம்.
செத்த மரத்தின் எண்ணை
இன்னொன்றுக்குக் கொடுக்கக் கூடாது என்பது விதி.
மந்தோலாவுக்கு அந்த ஒரு விதி மட்டும்
விளக்காமலே புரிந்தது.

நானூற்றுப் பன்னிரண்டு மரங்கள்.
கடைசித் தாளில், குறிப்பு என்ற கட்டத்தில் எழுதினேன்:
வளையம் நீலம். காரணம், மந்தோலா.
அடுத்து வருகிறவர் குழம்பட்டும், போய்க் கேட்கட்டும்.

திரும்பும் வழியில் பள்ளிக்கூடம்.
இரண்டாம் கதவு இடுப்புவரை நீலம், மேலே வெறும் பலகை.
மீதிப் பெயின்ட் எப்போது வரும் என்றார் ஆசிரியர்.
வாய் தவறி
ஐந்து வருடம் என்றேன்.