கேத்தல் சட்டை

பெட்டி ரொட்டர்டாமில் நிற்கிறது.
பதினொரு நாளாக நிற்கிறது.
சுங்கத்தார் கேட்கிறார்கள்:
இது உடுப்பா, வீட்டுச் சாமானா?
உடுப்பென்றால் ஒரு வரி,
சாமானென்றால் இன்னொன்று.

நான்தான் பாரத்தில் எழுதினேன்,
கேத்தல் சட்டை, கம்பளி, நாற்பது என்று.
போன் அதை மொழிபெயர்த்தபோது
கேத்தலைக் கொட்டகலையிலேயே விட்டுவிட்டுச்
சட்டையை மட்டும் கொண்டுபோனது.

இந்நேரம் அங்கே ஓர் அதிகாரி
சிவப்புக் கம்பளியை மேசையில் விரித்துவைத்துப்
பார்த்துக்கொண்டிருப்பார்.
ஒரு பக்கம் மூக்குக்கு ஓட்டை,
மறு பக்கம் பிடிக்கு ஓட்டை,
தலை போக வழியில்லை.
எந்த நாட்டுப் பிள்ளைக்கு
இப்படி உடம்பு?

சிரிக்காதே என்கிறாள் ஞானசோதி.
நாற்பதில் பதினாறு அவள் பின்னியது.
கொழுந்தெடுத்து இறங்கி,
விரல்கறை நூலில் ஏறாமலிருக்க
எலுமிச்சந்தோல் தேய்த்துக் கழுவிவிட்டுப் பின்னியது.
எங்கள் காம்பராக்களில் எந்தக் கேத்தலுக்கும்
சட்டை கிடையாது.
சாயத்தண்ணி ஆறுவதற்கு
யார் இங்கே நேரம் கொடுத்தது?

மரைக்கே நல்லவள்தான்.
ஆனால் எழுதுவது முகத்திலடித்தாற்போல் இருக்கும்.
"உங்கள் பச்சை அழகாக இல்லை.
நீலம் அனுப்புங்கள்."
அன்றைக்கு நான் சோறு தின்னவில்லை.
மறுநாள்தான் தெரிந்தது,
அவளுக்குக் கோபமே இல்லை,
பச்சைதான் பிடிக்கவில்லை.

மாதம் இருநூறு தரமுடியுமா என்று கேட்டாள்.
பார்ப்போம் என்றேன்.
இந்த மலையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்,
பார்ப்போம் என்றால் முடியாது.
கைமாற்றுக் கேட்டுப் போனவனுக்கும்
பெண் கேட்டுப் போனவனுக்கும்
சம்பளம் கூட்டிக் கேட்டுப் போன எல்லோருக்கும்
கிடைத்த சொல் அது.
அவள் நாட்காட்டியில் குறித்துக்கொண்டாள்:
வியாழன், மூன்று மணி, பார்க்கிறோம்.
வியாழன் மூன்று மணிக்குத்
தராசடியில் கூடையோடு நின்றேன்.
போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

ஒப்பந்தம் பதினாலு பக்கம்.
பன்னிரண்டாம் பக்கத்தில்:
பிணக்கு வந்தால் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம்,
அவர்கள் நாட்டுச் சட்டம்.
திரையில் விரலால் கைச்சாத்திட்டேன்.
சித்தப்பாவின் வழக்கு
ஹட்டன் தொழில் நியாயசபையில் ஒன்பது வருசம்.
வென்றார்.
பஸ் காசுக்கே கட்டவில்லை.

நேற்றிரவு தண்ணீர்த்தாங்கிப் பாறையில் ஏறி,
அங்கேதான் சிக்னல்,
"இருநூறு முடியாது" என்று தட்டினேன்.
அழித்தேன்.
திரும்பத் தட்டினேன். அனுப்பிவிட்டுப்
பாறையிலேயே உட்கார்ந்திருந்தேன்,
யாரையோ திட்டிவிட்டவள் போல.
ஒரு நிமிசத்தில் பதில்:
"நன்றி. எத்தனை முடியும்?"

இன்றைக்குச் சுங்கத்தின் பாரம்.
இது கேத்தலுக்கான உறை என்று விளக்கம் எழுதி,
படம் போட்டு,
அனுப்பியவர் முகவரி வரைக்கும் வந்தாயிற்று.
இரண்டாம் டிவிசன், ஏழாம் லயம், மூன்றாம் காம்பரா.
சிவப்பு எழுத்து: வீதியின் பெயர் கட்டாயம்.
வாசலுக்கு வந்து பார்த்தேன்.
வீதி இல்லை. தேயிலைக்கு நடுவே
பீலிக்குப் போகிற ஒற்றையடிப் பாதை,
அதில் ஒரு வாளி.

பீலிக்கரை வீதி என்று போடேன்,
என்றாள் ஞானசோதி, ஊசியை எடுக்காமலே.

போட்டேன்.
கொஞ்சம் சுழன்றது.
பச்சையாக ஒரு சரி விழுந்தது.